கெலாங் பாத்தா: பொது ஆவணங்களும் மக்கள் உரிமையும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில், சிங்கப்பூரை எதிர்நோக்கிய கடலோர வட்டாரம் கெலாங் பாத்தா. அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை எவ்வளவு முக்கியம் என்பதை, கடலை நிரப்பி நகரம் எழுப்பும் ஃபாரஸ்ட் சிட்டி திட்டம் இங்கே உணர்த்தியது.

2014இன் தொடக்கத்தில், விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இல்லாமலே கடலில் மண் கொட்டும் பணி தொடங்கியது. 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் கடலோரத்தை நிரப்ப மதிப்பீடு கட்டாயம் என்பது 1987ஆம் ஆண்டு ஆணையிலேயே இருந்த விதி. தஞ்சோங் கூப்பாங் மீனவர்கள் நண்டு பிடித்த மெரம்போங் கடற்புல் படுகையின்மீதே மண் விழுந்தது. 2008இல் உருவான கெலாப் அலாமி குழு, அந்தப் படுகையின் உயிரினங்களை உள்ளூர் மக்களைக் கொண்டே பதிவு செய்துவந்தது; அதிகாரிகளின் அறிக்கையோடு ஒப்பிட மக்களுக்கும் ஒரு பதிவு இருந்தது பெரிய பலம்.

சிங்கப்பூரும் கவலை தெரிவித்தது. ஜூனில் பணி நிறுத்தப்பட்டது. விரிவான மதிப்பீடு பொதுப் பார்வைக்கு வந்தது. 2015 ஜனவரியில் 1,386 ஹெக்டேராகக் குறைக்கப்பட்ட திட்டம் ஒப்புதல் பெற்றது.

பார்வைக்கு வைப்பதோடு கடமை முடிந்துவிடாது. தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த தடித்த அறிக்கையைச் சில வாரங்களில் படித்து எழுத்தில் கருத்துச் சொல்வது மீனவருக்கு எளிதா? மற்ற அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் வழி வேண்டும்: சிலாங்கூர், பினாங்கு மாநிலங்கள் அதற்கான தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியுள்ளன, ஜொகூர் இயற்றவில்லை. ஆவணங்களை வெளியிடாமல் வைக்க இடமளிக்கும் 1972ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ இரகசியச் சட்டமோ நாடு முழுவதும் நடப்பில் உள்ளது.