நொத்தேர் வேறு, நோட்டரி வேறு

நம் ஊரில் எழுபதைத் தாண்டியவர்கள் பேசினால் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள். 'நொத்தேர்' என்றால் 'நோட்டரி தாத்தா' என்கிறார்கள். 'மேர்' என்றால் 'மேயர்'. 'சொல்தா' என்றால் 'சோல்ஜர்'. நாம் ஏதோ இங்கிலீஷைக் கொச்சையாக உச்சரிக்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்பே என்னைத் திருத்தியவர்கள் உண்டு. அவர்கள் கையில் சிவப்பு மைப் பேனாவும் இருந்தது.

வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 18இல் கீழூர் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படி நாம் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது இந்த இடைக்காலத்தில். வெளியே மூவண்ணக் கொடி பறந்தது, உள்ளே பிரெஞ்சு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று அந்த ஒப்பந்தத்தின் 28ஆவது ஷரத்து சொன்னது. 1965இல் நம் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று, ஆங்கிலமும் தொடரலாம் என்று வைத்தார்கள். தொடர்ந்தது என்னவோ ஆங்கிலம்தான். நான் 'பிரவே' தேறி, எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தபோது மேசைமேல் இருந்த கோப்புகளில் அடிப்பகுதி பிரெஞ்சு, மேல்பகுதி இங்கிலீஷ். நடுவில் நாங்கள்.

மேலதிகாரிகளில் பலர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் காதுக்கு எங்கள் இங்கிலீஷ் ஒரு வேடிக்கை. என்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர், பாவம், விடுப்பு விண்ணப்பத்தில் மூன்று நாள் லீவு 'டிமாண்ட்' செய்வதாக எழுதிவிட்டார். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது, அவ்வளவுதான். மரியாதைக் குறைவு ஏதும் அதில் இல்லை. இங்கிலீஷில் அது அதிகாரமாகக் கேட்பது. சூப்பிரண்டு அவரைக் கூப்பிட்டு, "என்னய்யா, யூனியன் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாதவையும் இருந்தன.

அதில் முதலாவது நொத்தேர்.

நோட்டரி என்பவர் யார்? பெரும்பாலும் ஒரு வக்கீல். நீங்கள் கொண்டுபோகும் காகிதத்தில் உங்கள் கையெழுத்து உண்மை என்று முத்திரை குத்துவார். புத்தகத்தில் ஒரு வரி பதிவு செய்துகொண்டு, காகிதத்தை உங்களிடமே திருப்பிக் கொடுப்பார். அதில் எழுதியிருப்பது நியாயமா, சொத்து யாருடையது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர் அப்படி இல்லை. அவர் அரசாங்கம் நியமித்த அதிகாரி. இரண்டு தரப்பும் அவர் எதிரில் உட்கார வேண்டும். கிரயம், பாகப்பிரிவினை, உயில், கல்யாண ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவரே எழுதுவார், படித்துக் காட்டுவார், பிறகு கையெழுத்து வாங்குவார். மூலப்பத்திரம் அவருடைய அலுவலகத்திலேயே இருக்கும். அதற்கு 'மினுத்' என்று பெயர். குடும்பத்துக்குக் கிடைப்பது நகல்தான். அவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை, அந்தப் பத்திரமே சாட்சி. சென்னை முறையில் சார்பதிவாளர் அலுவலகம், பத்திர எழுத்தர், வக்கீல் என்று மூன்று இடத்தில் நடப்பதில் பெரும்பகுதி இங்கே அந்த ஒருவரிடம் முடிந்தது. இந்தியப் பதிவுச் சட்டம் நமக்கு வந்தது அறுபதுகளின் இறுதியில். அதற்கு முன் எழுதிய பத்திரங்களுக்கு நொத்தேர்தான் எல்லாம்.

எழுபதுகளில் நான் இருந்த ஓர் அலுவலகத்துக்கு பாகூர்ப் பக்கத்து ஆயா ஒருவர் வந்தார். கணவர் இறந்துவிட்டார். நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். கையில் முப்பதுகளில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், நொத்தேர் முத்திரையோடு. நான் குறிப்பு எழுதும்போது 'நொத்தேர்' என்ற சொல்லை அப்படியே எழுதி, அது என்ன பதவி என்று இரண்டு வரி விளக்கமும் போட்டேன். கோப்பு திரும்பி வந்தது. சிவப்பு மையில் அந்தச் சொல்லை அடித்து 'நோட்டரி பப்ளிக்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில், சரியான ஆங்கிலத்தில் எழுதவும் என்று ஓர் உபதேசம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சொல்லைத் திருத்திய கையோடு அடுத்த பாராவில் அதிகாரி கேள்வி கேட்டார்: நோட்டரி சான்றிட்ட வெறும் நகல் எப்படி உரிமைப் பத்திரமாகும்? பதிவு செய்த மூலப்பத்திரம் எங்கே?

அவர் போட்ட சொல்லுக்கு அந்தக் கேள்வி சரிதான். ஆயா கொண்டுவந்த பத்திரத்துக்குத்தான் பொருந்தவில்லை.

கோப்பு பதினோரு மாதம் சுற்றியது. ஆயா பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவார். வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, நொத்தேரு எழுதுனது செல்லாதுன்னா, அதே நொத்தேரு எழுதித்தான் பக்கத்துக் கழனிக்காரனும் வச்சிருக்கான். அவனுக்கும் செல்லாதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?" என்னிடம் பதில் இல்லை. கடைசியில் மினுத்திலிருந்து புது நகல் எடுத்து, முழுவதையும் மொழிபெயர்த்து, சட்டப் பிரிவின் கருத்தும் கேட்டு, பிறகுதான் உத்தரவு வந்தது. அதற்குள் அந்த வருஷத்துப் போகம் போய்விட்டது. கூட்டுறவுக் கடன் கேட்கப் பட்டா இல்லாததால், வட்டிக்காரரிடம் தோட்டை அடமானம் வைத்துத்தான் அவர் நடவு செய்தார். அந்தத் தோடு மீண்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமும் வரவில்லை.

எண்களிலும் இதே சண்டை. பிரெஞ்சு முறையில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். பன்னிரண்டரையை 12,5 என்று எழுதுவோம். இங்கிலீஷ்காரர் காற்புள்ளியை ஆயிரத்துக்கு வைப்பார். அப்புறம் 1 என்ற எண்ணுக்கு நாங்கள் முன்பக்கம் நீளமாக ஒரு கோடு இழுப்போம், 7க்கு இடுப்பில் ஒரு கோடு போடுவோம். பழைய பதிவேட்டில் இருந்த 1ஐ எல்லாம் 7 என்று படித்து, பிறந்த தேதி பொருந்தவில்லை என்று திருப்பிய மனுக்களை நானே எண்ணியிருக்கிறேன்.

பிறந்த தேதி என்றதும் மேர் ஞாபகம் வருகிறார். மேயர் என்று எழுதினால், "மேயர் மாநகராட்சிக்குத்தான். உங்கள் ஊர் நகராட்சி, ஏது மேயர்?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் நம் மேர் சாக்கடையும் தெருவிளக்கும் பார்ப்பவர் மட்டும் இல்லை. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எழுதும் 'எத்தா சிவில்' பதிவேடும் அவர் பொறுப்பு. நம் ஊரில் பலருக்குப் பிறந்த நாளோடு பிறந்த மணி கூட எழுதியிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் என் வயதுக்காரர் பலருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. இது பெருமைக்குச் சொல்வதல்ல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அவருடைய அலுவலகம்தான் 'மேரி'. கடற்கரையில் இருந்த அந்தப் பழைய கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடி அதே சாயலில் கட்டி 2021இல் திறந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம், "மேரி கட்டடம் என்றால் மாதா கோயிலைச் சேர்ந்ததா?" என்று கேட்டார். இல்லை, அங்கே வரி கட்டுவோம் என்றேன்.

சொல்தா கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சோல்ஜர் என்றால் படைவீரன், எந்தப் படையிலும் இருக்கலாம். நம் வீதிகளில் 'சொல்தா வீடு' என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீடு. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தார், ஒருவர் கொடுக்கவில்லை. இதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கல்யாணத் தரகருக்குக் கேட்டால் தெரியும்.

என் கடலூர் மைத்துனர் இந்தப் பேச்சு வந்தாலே சண்டைக்கு வருவார். "இங்கிலீஷ்காரன் வார்த்தைக்குப் பதில் பிரெஞ்சுக்காரன் வார்த்தை. இதில் என்ன ரோஷம், மாமா? இரண்டும் வந்தவன் மொழிதானே" என்பார். கேள்வி சரியானது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். பிரெஞ்சும் போர்த்துகீசும் தமிழோடு கலந்து, வந்த சொல் எது, இருந்த சொல் எது என்று தெரியாமல் ஓடும். இருநூற்றைம்பது வருஷம் நம் வீட்டில் புழங்கிய பாத்திரத்தை, யார் கடையில் வாங்கியது என்று பார்த்தா தூக்கிப் போடுவோம்? அதே மைத்துனர் எங்கள் வீட்டில் 'குசினி' என்று சொல்வதைக் கேலி செய்துவிட்டு, அது பிரெஞ்சு என்று அடித்துப் பேசுவார். பிரெஞ்சுக்காரன் ஆளாத யாழ்ப்பாணத்திலும் அடுப்படிக்குக் குசினி என்றுதான் பெயர். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்திருக்கும் என்பது என் கட்சி. அவர் கடையில் விற்கும் அலமாரியும் சாவியும் அதே கப்பலில் வந்தவைதான். அதைச் சொன்னால் காபி குடிக்காமலே எழுந்து போவார்.

ஒரு சொல் மட்டும் சிவப்பு மைக்குத் தப்பியது. 1880இல் பிரெஞ்சு அரசாங்கம் நம் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தது. 1973இல் நம் உள்ளாட்சிச் சட்டங்களை இங்கிலீஷில் எழுதியபோது, எந்த இங்கிலீஷ் சொல்லும் பொருந்தாமல், 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே எழுத வேண்டியதாயிற்று. இன்றும் இந்தப் பக்கம் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று ஐந்து. காரைக்காலில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு என்று ஐந்து. 'சரியான ஆங்கிலம்' கேட்ட அதே வகை அதிகாரிகள் அந்தச் சொல்லின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நான் அந்த அரசிதழை இரண்டு முறை படித்தேன். ஒருமுறை வேலைக்காக.

வீதிப் பெயர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'துய்மா' வீதியை 'டூமாஸ்' என்கிறார்கள். நாவலாசிரியர் பெயர் என்றும் நினைக்கிறார்கள். அது துய்ப்ளேக்சுக்கு முன் கவர்னராக இருந்தவர் பெயர். கடற்கரைச் சாலை ஒரு காலத்தில் 'கூர் ஷப்ரோல்'. பிறகு 1963இல் நம் முதலமைச்சரான கூபேர் பெயர் வைத்தார்கள். போன மாதம் பேத்தியோடு ஆட்டோவில் போனேன். அவள் கைபேசிக்குள் இருந்து ஒரு பெண் குரல் 'கௌபெர்ட் அவென்யூ' என்று வழி சொன்னது. நான் "கூபேர்" என்றேன். பேத்தி கைபேசியைக் காட்டி, "எழுத்துப்படி கௌபெர்ட்தான் தாத்தா" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பீச்சுக்குத்தானே முசே, உக்காருங்க" என்றார்.