தூத்துக்குடிக் கடற்கரையில் வாக்காளர் பதிவு

வரி கட்டிய சிலருக்கு மட்டும் இருந்த வாக்கு, 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் உரியதான வரலாறும், கடலிலும் உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைப்பவர்களைப் பட்டியலில் சேர்த்துச் சாவடிக்கு வரவழைக்கும் பணியும் இத்தலைப்பில் அடங்கும்.

வாக்குரிமை வருவதற்கு முன், பழங்காலத்தில், இக்கடற்கரையின் முத்துக்குளித்துறையில் குளிக்கும் உரிமையைக் ‘கல்’ கணக்கில் அளந்தார்கள். குளிப்பவர் மூழ்குவதற்குப் பயன்படுத்தும் கல்லே பங்கின் அலகு. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவர் சாதித்தலைவருக்கும் அவரவர் நிலைக்கேற்பக் கற்கள் ஒதுக்கப்பட்டன. மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவருக்குக் கூலிப்பங்கு இருந்ததே தவிர, யாருக்கு எத்தனை கல் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை.

தூத்துக்குடி நகராட்சி 1866இல் அமைந்தது. 1871, 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் நகராட்சிகளில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தன. ஆனால் வாக்கு சொத்தையும் வரியையும் ஒட்டியே இருந்தது. குடிநீருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து, 1909 முதல் பலமுறை நகராட்சித் தலைவராக இருந்தது இந்தக் குறுகிய வாக்குரிமைக் காலத்தில்தான். 1908இல் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் செய்து வென்ற தொழிலாளர் போன்றோருக்கு அன்றைய வாக்காளர் பட்டியலில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கும் சட்டமன்ற வாக்கு வழங்கியது. இந்தியாவில் இது முன்னோடி முடிவு. அதிலும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. கோரல் ஆலை வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ.உ.சிதம்பரம் பிள்ளை 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். எல்லோருக்கும் வாக்கு என்பதைக் காண அவர் இல்லை.

1950இல் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 1951–52 தேர்தலுக்காக நாடெங்கும் வீடு வீடாகப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். பதிவு என்பது சொந்தப் பெயரைச் சொல்லும் துணிவும்கூட என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

இளைஞர் வாக்குரிமை வரலாற்றில் பெரிய திருப்பம், 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம். அது 1989 மார்ச் 28 முதல் வாக்கு வயதை 18 ஆக்கியது. தேர்தல் ஆணையம் தொடங்கிய நாளான ஜனவரி 25ஆம் தேதி, 2011ஆம் ஆண்டிலிருந்து தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள், புதியவர்களுக்கு அடையாள அட்டை தருகிறார்கள். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். பிப்ரவரியில் 18 நிரம்பியவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 நிரம்பியவர் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். வெளியூரில் படிப்பவர் பெற்றோர் வீட்டிலோ விடுதி முகவரியிலோ, ஏதேனும் ஓரிடத்தில் பதியலாம்.

இக்கடற்கரைக்கே உரிய சிக்கல் வேறு. ‘ஓட்டுப் போடுங்கள்’ என்ற அழைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், அது போய்ச் சேரும் நாள் ஒன்றல்ல. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். தமிழகத்தில் வாக்குப்பதிவு நடந்த 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19 ஆகிய நாட்கள் தடைக்காலத்துக்குள் வந்தன. படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, மீனவர் ஊரில் இருந்தார். 2021 ஏப்ரல் 6 மட்டும் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் வந்தது. அப்போது கடல் தொழில் நடந்துகொண்டிருந்தது.

உப்பளத்தில் கணக்கு தலைகீழ். கோடை வெயிலே உப்பு விளையும் காலம்; ஏப்ரல், மே மாதங்களில் பாத்தியை விட்டு வர மனம் வராது, ஒருநாள் கூலி போய்விடும் என்ற அச்சமும் சேரும். அந்த அச்சம் தேவையில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 135பி பிரிவு, தினக்கூலி வாங்குபவருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கிறது. இந்த ஒரு விவரத்தை அளங்களில் எடுத்துச் சொல்வது, நூறு உறுதிமொழிகளைவிடப் பயன் தரும் என்று துணிந்து சொல்லலாம். பட்டியல் திருத்த முகாம்கள் வழக்கமாக நடக்கும் அக்டோபர்–டிசம்பர் மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை இருக்காது. தொழிலாளரைச் சந்தித்துப் படிவம் நிரப்ப அதுவே உகந்த பொழுது.

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணித் தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் தன் ஊரின் வாக்காளர் என்ற தகுதியை இழப்பதில்லை. இது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆகவே தோணியில் போனவரின் பெயரைப் பட்டியலில் விடாமல் வைத்திருக்க வீட்டார் கேட்கலாம். ஆனால் படைவீரருக்கும் வெளிநாட்டில் பணிபுரியும் அரசு ஊழியருக்கும் உள்ள ‘சேவை வாக்காளர்’ வசதி அவருக்கு இல்லை. வாக்குப்பதிவு நாளில் அவர் நடுக்கடலில் இருந்தால், அவர் பெயர் பட்டியலில் இருக்கும், வாக்கு இருக்காது.