'வல்லவன்': கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய தமிழ் ராப்

யோகி பி, நட்சத்ரா கூட்டணியில் 2006இல் வெளிவந்த தமிழ் ஹிப் ஹாப் இசைத்தொகுப்பு 'வல்லவன்'. 'பொயடிக் அம்மோ' குழுவில் புகழ்பெற்ற யோகி பி, தமிழை முதன்மையாக வைத்து இதனை உருவாக்கினார்.

பின்னணி

கோலாலம்பூரின் 'பொயடிக் அம்மோ'வில் யோகி பி, லேண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ ஆகிய நால்வர் இருந்தனர். 1998இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பில் தமிழும் ஒலித்தது; ஆனால் ஆங்கிலமே முன்னின்றது. பல இன ரசிகர்களைப் பெற்ற ஒருவர் தமிழை நம்பி இறங்கியது துணிச்சலான முடிவு. அன்று தமிழ் ராப் என்றதும் பலருக்கும் நினைவில் வந்தது 'காதலன்' (1994) படத்தின் 'பேட்ட ராப்' போன்ற திரைப்பாடல்தான்.

தொகுப்பு

நட்சத்ராவில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவர். தொகுப்பில் பெரிதும் பேசப்பட்டது 'மடை திறந்து'. 'நிழல்கள்' (1980) படத்திற்காக இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடலின் மறுவாக்கம் இது. படத்தில் அது வாய்ப்புக்காக ஏங்கும் இசைக்கலைஞனின் கனவுப் பாடல். சினிமாவுக்கு வெளியே இடம் தேடிய மலேசிய இளைஞர்களுக்கும் அந்தக் கனவு பொருந்தியது. பழைய மெட்டு பெற்றோருக்குப் பழக்கம். ராப் வரிகள் பிள்ளைகளுக்கு.

தாக்கம்

அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' (2007) படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறுவாக்கத்தில் யோகி பி குரல் கொடுத்தார். தொடர்ந்து 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017), 'காலா' (2018) படங்களிலும் பாடினார். தமிழகப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மலேசியாவிலிருந்து, ஒரு குரல் தமிழகத்துக்கே சென்றது.