நாயனமும் சலங்கையும்: ‘தில்லானா மோகனாம்பாள்’ பிறந்த போட்டி மரபு

‘தில்லானா மோகனாம்பாள்’, கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் எழுதி, 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாதஸ்வர வித்வானும் திருவாரூர் மோகனாம்பாள் என்ற நாட்டியக்காரியும் ஒருவரையொருவர் வெல்லப் பார்க்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்குள்ளேயே காதலும் வளர்கிறது. போட்டி, காதல், நகைச்சுவை மூன்றையும் ஒன்றாகப் பின்னிய இக்கதை, காவிரிப் படுகையின் மேள மரபைக் களமாகக் கொண்டது.

தஞ்சை வட்டாரத்தில் கோயில் இசை இரண்டு பிரிவாக வழங்கியது. நாயனம் என்றும் வழங்கும் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்தது பெரிய மேளம். சதிர் என்ற நாட்டியம் ஆடும் பெண்கள், நட்டுவனார், மிருதங்கம், முகவீணை சேர்ந்தது சின்ன மேளம். முதலாவது ஆண்களின் தொழில். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி என்ற உருப்படியில் தொடங்கி இரவெல்லாம் வீதியில் ஒலிக்கும். இரண்டாவதில் ஆட்டம் பெண்களுடையது, நட்டுவாங்கம் ஆண்களுடையது. பின்னாளில் இசை வேளாளர் என்று அழைக்கப்பட்ட சமூகத்தாரே பெரும்பாலும் இரண்டையும் நடத்தினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் தவிலும் தங்கை சதிரும் பழகியது அரிதல்ல.

இந்தக் கலைக்கு அடிப்படைக் கூலி நெல். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, சோழநாட்டுக் கோயில்களிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பெயர் பெயராகக் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கு. ஆட்டம் கற்பித்தவர்கள், கருவி வாசித்தவர்களின் ஊதியமும் பங்குக் கணக்கில்தான் எழுதப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் மேளக்காரர்களுக்கும் சதிர்ப் பெண்களுக்கும் கோயில் மானிய நிலங்கள் இருந்தன. சம்பா அறுத்து நெல் குதிருக்குப் போன பிறகு, பங்குனி தொடங்கி வைகாசி வரை திருவிழாக் காலம். மேளங்கள் ஊர் விட்டு ஊர் போய் எதிரெதிரே நின்றது அந்த மாதங்களில்தான்.

வித்தைப் போட்டிக்கு அரசவையும் களமாக இருந்தது. தஞ்சை மராத்திய அவைக்கு வந்து வித்வான்களைச் சவாலுக்கு அழைத்த பொப்பிலி கேசவய்யாவை, திருவாரூரில் பிறந்த சியாமா சாஸ்திரி தாள வன்மையால் வென்றார் என்பது இசை மரபில் வழங்கும் செய்தி. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தை ஒட்டி, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் சதிர்க் கச்சேரிக்கு ஒழுங்கான வரிசை அமைத்தனர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று நகர்ந்து தில்லானாவில் முடிகிறது அந்த வரிசை.

நாவலாசிரியர் போட்டிக்குத் தில்லானாவைத் தேர்ந்ததற்கு இசை சார்ந்த பொருத்தம் உண்டு. பதத்திலும் வர்ணத்திலும் சொல்லும் அபிநயமும் முக்கியம். நாயனத்தால் சொல்லை உச்சரிக்க முடியாது. வடநாட்டுத் தரானாவுக்கு உறவான தில்லானாவிலோ பெரும்பகுதி ஜதிச் சொற்களே. சாகித்தியம் சில வரிகளில் முடிந்துவிடும். லயமே பிரதானமான அந்த உருப்படியில் நாயனமும் சலங்கையும் சம பலத்தில் மோதலாம். ஆனால் வழக்கத்தில் சதிருக்கு வாசித்தது சிறிய முகவீணையும், பிறகு வந்த கிளாரினெட்டுமே. பெரிய மேளம் சின்ன மேளத்துக்குப் பக்கவாத்தியம் ஆனதில்லை. அருகருகே நடந்தும் ஒன்றுசேராத இரு மேளங்களை நாவல் ஒரே மேடையில் ஏற்றியது.

மேளக்காரர்களுக்குள் நடந்த போட்டிக்கு விதிப்புத்தகம் கிடையாது. பெரிய திருவிழாவிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் இரண்டு செட் மேளம் வரும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொட வேண்டும். ஒரு தவில் வைத்த கணக்கை மறு தவில் திருப்பித் தர வேண்டும். நாற்சந்தியில் சப்பரம் நின்றுவிட்டால் ஒரே ராகம் மணிக்கணக்கில் ஓடும். தீர்ப்பு கூட்டத்தின் தலையாட்டத்தில் தெரியும். பரிசு பொன்னாடையாகவோ தங்கப் பதக்கமாகவோ தோடா என்ற கைக்காப்பாகவோ வரும்.

1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமானதும் அவை ஆதரவு அற்றுப்போனது. கோயில்கள், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள், நிலக்கிழார்கள் ஆகியோரை நம்பிக் கலைஞர்கள் வாழ்ந்தனர். நிலத்தின் வருமானத்தைக் கேளிக்கையில் கரைக்கும் ‘மைனர்’ தஞ்சை ஜில்லாக் கதைகளில் நிலையான பாத்திரமானது இந்தச் சூழலில்தான். பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெண்ணுக்கு ஊரறிந்த திருமணம் இல்லை. செல்வர் ஒருவரின் ஆதரவே வழி. இந்த வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். மாயவரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார், ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை 1936இல் வெளியிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் 1947இல் தடை செய்தது. சதிர் அதற்குள் பரதநாட்டியம் என்ற பெயருடன் சென்னை சபாக்களுக்குப் போயிருந்தது. சின்ன மேளம் கோயிலை விட்டு நீங்க, பெரிய மேளம் மட்டும் அங்கே தங்கியது.

அதே காலத்தில் நாதஸ்வரம் தன் நிலையை உயர்த்திக்கொண்டது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பும் கோட்டுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். வாய்ப்பாட்டு வித்வானுக்குரிய மரியாதை நாயனத்துக்கும் வேண்டும் என்றார். உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனத்தின் இடத்தை, சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாயனம் பிடிக்க அவரே காரணம். அதை ஆச்சா மரத்தில் கடைந்து செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சண்முகசுந்தரத்தின் ரோஷத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் சாயல் உண்டு என்று ரசிகர்கள் பேசுவது வழக்கம்.

கொத்தமங்கலம் சுப்பு (1910–1974) ஜெமினி ஸ்டூடியோவில் நடிகர், பாடலாசிரியர், இயக்குநர் எனப் பல வேலை பார்த்தவர். ‘மிஸ் மாலினி’ (1947), ‘ஔவையார்’ (1953) படங்களை இயக்கினார். ஜெமினியின் அதிபர் எஸ். எஸ். வாசனே விகடனுக்கும் உரிமையாளர். தொடருக்குச் சித்திரம் தீட்டிய கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர்.

கதையின் மாந்தர்கள் மேள உலகத்து நிஜ வகைகள். பணக்கார ஆதரவாளரைத் தேடும் தாய் வடிவாம்பாள், தரகு வேலைக்கென்றே பிறந்த சவடால் வைத்தி, சிங்கபுரம் மைனர் ஆகியோர் ஒரு பக்கம். மரியாதைக் குறைவைப் பொறுக்காத வித்வானும் ஆட்டத்தால் மட்டும் அறியப்பட விரும்பும் பெண்ணும் மறுபக்கம். தாய்க்கும் மகளுக்கும் உள்ள பிணக்கு, பல ஆண்டுகளாகச் சட்டமன்றத்திலும் மேடையிலும் நடந்த வாதத்தின் வீட்டு வடிவம். ராமாமிர்தம் அம்மையார் பிரசாரமாக எழுதியதைச் சுப்பு சிரிப்பாக எழுதினார். பொட்டுக்கட்டு சட்டப்படி முடிந்துபோனதால் வாசகரும் அச்சமின்றிச் சிரிக்க முடிந்தது.

ஏ. பி. நாகராஜன் இயக்கிய திரைப்படம் 27 ஜூலை 1968 அன்று வெளியானது. சிவாஜி கணேசன், பத்மினி, வைத்தியாக நாகேஷ், தவில் வித்வானாக டி. எஸ். பாலையா நடித்தனர், இசை கே. வி. மகாதேவன். திரையில் ஒலித்த நாயனம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. திருவாரூரில் நடக்கும் போட்டியில் சண்முகசுந்தரம் அவள் திறமையை ஏற்று மோகனாவுக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற பட்டத்தைத் தருகிறான். கதை அங்கே முடிவதில்லை. வித்தையில் கிடைத்த சமத்துவம் திருமணத்திலும் கிடைக்குமா என்பதே பிற்பாதி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

போட்டிக்கலைஞர் இருவர் காதலிக்கும் இதே கட்டமைப்பை, கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) கரகாட்டத்துக்கு மாற்றிக்கொண்டது. தொலைக்காட்சி பரவிய பின் பாட்டுப் போட்டி வீட்டுக்கூடத்துக்கு வந்தது. சன் டிவியின் ‘சப்தஸ்வரங்கள்’ இதில் முன்னோடி. விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் தொடங்கியது. நடுவர் மதிப்பெண், சுற்று, வெளியேற்றம், பார்வையாளர் வாக்கு என்று விதிகள் அங்கே எழுத்தில் உள்ளன. அரசவை, கோயில் வீதி, வார இதழ், திரைப்படம், தொலைக்காட்சி என்று களம் மாறும்தோறும் தீர்ப்புச் சொல்பவரும் மன்னர், ஊரார், வாசகர், பார்வையாளர் என்று மாறினர். பாடுபவர், ஆடுபவரின் மானமும் மனமும் போட்டிக்குள் சிக்கும் கதைக்கு மட்டும் தமிழில் முதல் மாதிரியாக இன்றும் நிற்பது சிக்கலாரும் திருவாரூராளும் மோதிய அந்தத் தில்லானாவே.