கழிவுநீர்க் குளத்தில் பிறந்த பாடம்

கொல்கத்தாவின் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவானது. மேற்கே ஹூக்ளி ஆறு ஓடினாலும், நகரத்துக் கழிவுநீர் கிழக்கேயுள்ள சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. முன்பு வித்யாதரி ஆறு கடலின் உப்புநீரை அங்கே கொண்டுவந்தது. வண்டல் படிந்து ஆறு தூர்ந்தது. 1928இல் அது செத்துவிட்டதாக அறிவித்தார்கள். உப்புநீரை நம்பி மீன் வளர்த்தவர்களுக்கு மிஞ்சியது நகரத்துச் சாக்கடை மட்டுமே.

1930 வாக்கில் அதையே குளங்களுக்குள் திருப்பினார்கள். 'பேரி' எனப்படும் இந்தக் குளங்களில் ஆழம் குறைவு; வெயில் அடிவரை இறங்கும். பாசி செழித்து ஆக்சிஜனை வெளிவிட, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். பாசியைத் தின்று மீன் வளரும். கரையோர ஆகாயத்தாமரை அலையைத் தடுத்து மண்ணைக் காக்கும். குளம் தாண்டிய நீர் நெல்வயலுக்குப் பாயும். எவ்வளவு கழிவுநீரை எப்போது விடுவது, எத்தனை நாள் காத்து மீன்குஞ்சை இறக்குவது என்பதையெல்லாம் மீனவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள்.

வெளியுலகம் இதைக் கவனிக்க அரை நூற்றாண்டு ஆனது.

1980களின் தொடக்கத்தில் மாநில அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ், கழிவுநீர் எங்கே போகிறதென்று தேடிக்கொண்டு கால்வாயோடு நடந்தார். கோடிகள் கொட்டிக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை வெயிலும் மீனும் மீனவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். அதை அளந்து, வரைபடமாக்கி, உலகுக்குச் சொன்னார். சதுப்பு நிலத்தில் வர்த்தக மையம் கட்டும் திட்டத்தை எதிர்த்து 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் நிலத்தைத் தூர்ப்பதற்குத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சுற்றுச்சூழல் வகுப்பறைக்கு வந்த வழியும் நீதிமன்றத்தில்தான் பிறந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம், கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குவது பற்றிப் பரிசீலிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவைக் கேட்டுக்கொண்டது. பிறகு 2003 வாக்கில் எல்லா இளநிலை மாணவர்களுக்குமான ஆறு மாதப் பாடத்திட்டம் வந்தது. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. அசுதோஷ் கல்லூரி போன்ற இடங்களில் சுற்றுச்சூழல் அறிவியலைத் தனிப் பட்டப்படிப்பாகவும் படிக்கலாம்.

குளம் போன்ற எளிய சூழலமைப்பு ஒன்றைப் படி, மாசடைந்த இடம் ஒன்றைப் பார் என்றது அந்த ஆறு மாதப் பாடத்திட்டம். கொல்கத்தா மாணவருக்கு இரண்டும் இந்தச் சதுப்பு நிலத்திலேயே கிடைக்கின்றன. நீர் நுழையும் வாயிலிலும் வெளியேறும் மதகிலும் ஆக்சிஜனை அளந்து பார்த்தால், பாடநூலின் ஓர் அத்தியாயம் கண்முன்னே நடக்கும். இதை உலகுக்குச் சொன்ன கோஷ் 2018இல் மறைந்தார். சதுப்பு நிலத்தின் பாதுகாப்புக்கென 2006இல் தனிச் சட்டம் வந்த பின்னும் குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவது நிற்கவில்லை. நீரின் நிறம் பார்த்தே மதகைத் திறக்கும் மீனவரிடம் கேட்டுப் பதிவு செய்வதைக் களப்பணியின் முதல் வேலையாகக் கல்லூரிகள் வைக்க வேண்டும். அந்த அறிவு முழுமையாக இன்னும் ஏட்டில் ஏறவில்லை.