இசைத்தடத்துக்குள் மொழிபெயர்ப்பு: ஆபா குழுவின் ஸ்பானியப் பாடல் தொகுப்பு (1980)

1. முன்னுரை

கவிதை மொழிபெயர்ப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருள், வடிவம் என்னும் இரண்டையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. இசைப்பாடலைப் பெயர்ப்பவருக்கு இவற்றோடு மெட்டும் ஓர் அளவுகோலாகிறது. மெட்டு இசைக்கருவிகளோடு முன்னரே ஒலிநாடாவில் பதிவாகிவிட்டால், பெயர்ப்பாளர் அதன் கால அளவை நீட்டவோ குறுக்கவோ இயலாது. இத்தகைய கட்டுப்பாட்டுக்குள் ஒரு தொகுப்பு முழுவதும் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பாப் இசைக்குழுவான ஆபா 1980இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட 'கிராசியாஸ் போர் லா மூசிகா' (இசைக்கு நன்றி) என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சான்று.

2. பின்னணி

ஆபா குழுவில் ஆக்னெதா ஃபால்ட்ஸ்கோக், ஆன்னி-ஃப்ரித் லிங்ஸ்டாட் ஆகிய இருவரும் முதன்மைப் பாடகியர். பியோர்ன் உல்வேயஸ், பென்னி ஆண்டர்சன் ஆகிய இருவரும் பாடலாக்குநர். ஒரே மெட்டை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பாடுவது இவர்களுக்குப் புதிதன்று. 'வாட்டர்லூ' என்னும் பாடலை 1974இல் ஸ்வீடனின் தேர்வுப் போட்டியில் ஸ்வீடிஷ் மொழியில் பாடினர். அதே ஆண்டு ஏப்ரலில் பிரைட்டனில் நடைபெற்ற யூரோவிஷன் போட்டியில் ஆங்கிலத்தில் பாடி வென்றனர்.

ஸ்பானிய முயற்சிக்கு வழிவகுத்த பாடல் 'சிகிதீதா'. 1979 ஜனவரியில் நியூயார்க்கில் யூனிசெஃப் நிறுவனத்துக்காக நடந்த நிகழ்ச்சியில் இஃது ஆங்கிலத்தில் பாடப்பெற்றது. அர்ஜென்டினாவில் இசைத்தட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய பட்டி மெக்கிளஸ்கி, தம் மனைவி மேரியுடன் சேர்ந்து இதற்கு ஸ்பானிய வடிவம் தந்தார். இலத்தீன் அமெரிக்காவில் அது பெற்ற வரவேற்பே முழுத் தொகுப்புக்குக் காரணமாயிற்று.

3. பதிவும் ஒலிப்பும்

தொகுப்பின் பெரும்பகுதி 1980 ஜனவரியில் ஸ்டாக்ஹோமின் போலார் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. பதிவுப் பணியை ஒலிப்பொறியாளர் மைக்கேல் டிரெட்டோ மேற்கொண்டார். முந்தைய ஆங்கிலப் பதிவுகளின் இசைத்தடங்களையே வைத்துக்கொண்டு குரல்கள் மட்டும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பாடகியர் இருவரும் ஸ்பானியம் அறியாதவர்கள். ஆனா மார்ட்டினெஸ் தெல் வாலே என்னும் பத்திரிகையாளர் உடனிருந்து ஒலிப்பு முறையைப் பயிற்றினார்.

இப்பயிற்சியின் அருமையை இரு மொழிகளின் ஒலியமைப்பு வேறுபாடு காட்டும். ஸ்வீடிஷில் உயிரொலிகளின் குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்தும். ஸ்பானியத்தில் அவ்வேறுபாடு இல்லை. ஸ்பானியத்தின் பல்லின வெடிப்பொலி மூக்கொலிக்குப் பின் வெடிப்பொலியாகவே நிற்கும். உயிர்களுக்கிடையே உரசொலியாக நெகிழும். தமிழில் 'பந்து', 'அது' ஆகிய சொற்களில் தகரம் ஒலிக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம். ஸ்வீடிஷில் இத்தகைய விதி இல்லை. 'மஞானா', 'சொஞாந்தோ' போன்ற சொற்களில் வரும் ஞகரமும் ஸ்வீடிஷில் தனி ஒலியன் அன்று. எனவே தாம் பொருளுணராத மொழியை, தம் தாய்மொழியில் இல்லாத ஒலிகளோடு பாடகியர் பாட வேண்டியிருந்தது.

4. பத்துத் தலைப்புகள்

தொகுப்பிலுள்ள பாடல்கள் பத்து. அவற்றுள் 'ஃபெர்னாண்டோ', 'மாமா மியா', 'ஹஸ்தா மஞானா' (அஸ்தா மஞானா), 'சிகிதீதா' ஆகிய நான்கின் தலைப்புகள் மாறவில்லை. எஞ்சிய ஆறு தலைப்புகளை அசைக் கணக்கோடு நோக்குவது பயன் தரும்.

'கிம்மி! கிம்மி! கிம்மி!' என்பது 'தாமே! தாமே! தாமே!' ஆயிற்று. இரண்டிலும் வினையோடு தன்மைப் பெயர் இணைந்துள்ளது. இரண்டும் ஈரசைச் சொற்கள். அழுத்தமும் முதலசையிலேயே விழுகிறது. பொருள், அமைப்பு, அசை ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்திய தலைப்பு இஃது ஒன்றே.

ஏனைய ஐந்திலும் அசைகள் மிகுகின்றன. 'மூவ் ஆன்' 2 அசை. 'அல் அந்தார்' 3. 'டான்சிங் குவீன்' 3. 'ரெயினா தன்சாந்தே' 5. 'தேங்க் யூ ஃபார் தி மியூசிக்' 6. அதன் ஸ்பானிய வடிவம் 7. 'நோயிங் மீ, நோயிங் யூ' என்பதில் 6 அசைகள்; 'கொனொசியெந்தோமே, கொனொசியெந்தோதே' என்பதில் 10. இங்கே மாற்றுப்பெயர் வினையெச்சத்தோடு ஒட்டி ஒரே சொல்லாகிறது. அழுத்தமும் ஈற்றசையை விட்டு விலகி நடுவசைக்குச் செல்கிறது. 'ஐ ஹேவ் எ டிரீம்' என்னும் 4 அசைத் தொடர் 'எஸ்தோய் சொஞாந்தோ' என 5 அசை பெறுகிறது. 'எனக்கொரு கனவுண்டு' என்பது 'கனவு கண்டுகொண்டிருக்கிறேன்' என இலக்கண வகையிலும் மாறுகிறது.

மாறாத தலைப்புகளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 'சிகிதீதா' என்பது சிறுமைப்பொருள் விகுதி இருமுறை சேர்ந்த ஸ்பானியச் சொல். ஆங்கிலப் பாடலில் அது வேற்றுமொழிப் பெயராக ஒலித்தது. ஸ்பானியப் பாடலில் சிறுமியை அன்போடு விளிக்கும் வழக்குச் சொல்லாகிவிடுகிறது.

5. ஒரு மெட்டு, மூன்று பனுவல்கள்

'ஃபெர்னாண்டோ' முதலில் 1975இல் ஸ்வீடிஷ் மொழியில் லிங்ஸ்டாட்டின் தனித்தொகுப்பில் வெளிவந்தது. ஸ்டிக் ஆண்டர்சன் எழுதிய அப்பாடல், காதலை இழந்தவனுக்குக் கூறும் ஆறுதல். 1976இல் வெளியான ஆங்கில வடிவத்தில் உல்வேயஸ் அப்பொருளை முற்றிலும் கைவிட்டார். விடுதலைப் போரில் பங்கேற்ற இருவர் முதுமையில் பழைய இரவை நினைவுகூர்வதாகப் பாடலை அமைத்தார். 1980இன் ஸ்பானிய வடிவம் இந்த ஆங்கிலக் கதையையே பின்பற்றுகிறது. ஆகவே ஸ்வீடிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மெட்டும் பெயரும் மட்டுமே சென்றன. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குக் கதையும் உடன் சென்றது. முன்னது புத்தாக்கம், பின்னதே மொழிபெயர்ப்பு. மெட்டு ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவது பொருந்தாது.

6. முடிவுரை

தொகுப்பு 1980 ஜூனில் வெளிவந்தது. அதன் பின்னர் 'சூப்பர் ட்ரூப்பர்' (1980), 'தி விசிட்டர்ஸ்' (1981) ஆகிய தொகுப்புகளின் ஸ்பானியச் சந்தைப் பதிப்புகளிலும் ஸ்பானியப் பாடல்கள் இடம்பெற்றன.

இப்பெயர்ப்புகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் குறைகளே மிகுதியாகத் தென்படும். ஆனால் பெயர்ப்பாளர் முன் இருந்த மூலங்கள் இரண்டு: ஒன்று ஆங்கிலப் பனுவல், மற்றொன்று மாற்றவியலாத இசைத்தடம். இரண்டாவதை மூலமாக ஏற்காத திறனாய்வு, இசைப்பாடல் மொழிபெயர்ப்பாளரின் உழைப்பில் பாதியைக் காணாமலே தீர்ப்புக் கூறுவதாகும். அசை, அழுத்தம், கதை, சொல் என்னும் நான்கையும் தனித்தனியே மதிப்பிட்டு, எதனைக் காக்க எது விடப்பட்டது எனக் காண்பதே இத்துறைக்குரிய ஆய்வு நெறியாகும்.