பைக்குள் இருக்கும் மடிக்கணினி ஏன் கொதிக்கிறது?

மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தீங்க. கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி எடுத்துப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சூடு. பேட்டரியும் பாதி காலி. பொங்சு செரிபு மெட்ரிகுலேஷன் கல்லூரியோ பெர்தாம் யூஐடிஎம் வளாகமோ, தினமும் அதைச் சுமக்கும் மாணவர் என்றால் காரணம் தெரிந்திருக்கணும்.

மூடினாலே கணினி தூங்கிவிடும் என்பது பழைய கதை. அப்போதைய உறக்க நிலையில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் இருப்பது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. கைப்பேசி போல அரைத்தூக்கம். மின்னஞ்சலுக்கும் அப்டேட்டுக்கும் விழிக்கும். சில நேரம் மறுபடி தூங்காது.

மேசைமேல் என்றால் இது பெரிய விஷயமில்லை. விசிறி வெளிக்காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளும். பஞ்சு வைத்த பைக்குள் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கிறது. மேக்புக்கை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மதியமே 32, 33 டிகிரி!

சில்லு தப்பித்துக்கொள்ளும். 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும், முடியாவிட்டால் அணைந்துவிடும். (இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது பினாங்கில்தான்.) பாவம், பேட்டரிதான். லித்தியம்-அயன் சூட்டில் சீக்கிரம் தேயும், உப்பும். ஏற்கனவே பழுதானது என்றால் தீப்பிடிக்கவும் கூடும். விமானத்தில் செக்-இன் பெட்டியில் போகும் மடிக்கணினியை முழுசா அணைக்கச் சொல்வது இதனால்தான்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய், பவர் ஆப்ஷன்ஸில், திரையை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி மாற்றுங்க. திறக்கும்போது சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

பாதியில் நிற்கும் டவுன்லோடுக்காக ஓடியே ஆகணுமா? பேட்டரி சேவரைப் போடுங்க. ஜிப்பைத் திறந்து, காற்றுத் துவாரம் மேலே பார்க்கிற மாதிரி, புத்தகங்களை ஒட்டாமல் வையுங்க. பைக்குள் குட்டி விசிறி வைப்பது, சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் வீண். கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் வேண்டவே வேண்டாம். பவர் பேங்கில் சார்ஜ் போட்டபடி பையை மூடுவதும் கூடாது.

எடுக்கும்போது கை பொறுக்காத சூடா? ஃபிரிட்ஜில் வைக்காதீங்க, உள்ளே ஈரம் படியும். அணைத்து, மேசைமேல் திறந்து வையுங்க. அடிப்பாகம் உப்பியிருந்தால் சார்ஜ் பண்ணாமல் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போங்க.